‘காளிதாஸ்’ வெளியான நாள்: தமிழ்ப் பேசும்பட நூற்றாண்டை முன்வைத்து

முன்னுரை

தமிழின் முதல் பேசும் படமாகக் கருதப்படும் ‘காளிதாஸ்’, 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் வெளியானது. 2031இல் அதற்கு நூற்றாண்டு நிறைவுறுகிறது. நூற்றாண்டு மலர்கள் பழைய செய்திகளை மீண்டும் அச்சேற்றுவது வழக்கம். சரிபார்க்கப்படாத செய்தி அவ்வாறு அச்சேறும்போது பிழையும் உடன் நிலைபெறுகிறது. இப்படம் தீபாவளியன்று வெளியானது என்ற பரவலான கூற்றை நாட்காட்டிச் சான்றுகொண்டு ஆராய்வதும், ‘முதல்’ என்னும் அடையின் எல்லையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

படமும் எஞ்சிய சான்றுகளும்

இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வை 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியிட்ட அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனமே ஏழரை மாதங்களில் ‘காளிதாஸ்’ படத்தையும் வெளியிட்டது. எச்.எம்.ரெட்டி இயக்க, டி.பி.ராஜலட்சுமி கதைத்தலைவியாக நடித்தார். பாடல்களை மதுரை பாஸ்கரதாஸ் இயற்றினார். காளிதாசன் கதைக்குத் தொடர்பற்ற தியாகராசர் கீர்த்தனைகளும் தேசியப் பாடல்களும் குறத்தி நடனமும் அதில் இடம்பெற்றன. மேடை நாடகம் வளர்த்த இசைச்சுவையே தமிழ்த்திரையின் முதல் ஒலியாயிற்று என்பதை இக்கலவை உணர்த்துகிறது. படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. ஆகவே செய்தித்தாள் குறிப்புகள், விளம்பரங்கள் முதலிய அச்சுச் சான்றுகளே நாளைத் துணிவதற்குரிய ஆதாரங்களாகின்றன.

தீபாவளிக் கூற்று

தீபாவளி ஐப்பசித் தேய்பிறையின் இறுதியில், அமாவாசையை ஒட்டி வரும் பண்டிகை. 1931 செப்டம்பர் 26இல் முழுச் சந்திர கிரகணமும் அக்டோபர் 11இல் பகுதிச் சூரிய கிரகணமும் நிகழ்ந்தன. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழும். எனவே அக்டோபர் 11 அமாவாசை நாள். ஐப்பசி பிறப்பதற்கு முந்தைய அமாவாசை அது. அதற்கடுத்த அமாவாசை, அதாவது ஐப்பசி அமாவாசை, நவம்பர் 9ஐ ஒட்டி அமைகிறது. அக்டோபர் 31, இவ்விரண்டு அமாவாசைகளுக்கும் இடையில், பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாட்களே ஆன தேய்பிறை நாள். அந்நாளில் தீபாவளி வந்திருக்க இயலாது. வெளியீட்டு நாளும் தீபாவளியும் ஒருங்கே உண்மையாக முடியாது. இரண்டில் ஒன்றை விலக்கியாக வேண்டும்.

கிழமைச் சான்று

எதை விலக்குவது என்பதற்குக் கிழமை துணைசெய்கிறது. 1931 அக்டோபர் 31 சனிக்கிழமை. ‘ஆலம் ஆரா’ வெளியான நாளும் சனிக்கிழமையே. 1913 மே 3 அன்று வெளியான ‘ராஜா ஹரிச்சந்திரா’வும் அக்கிழமையில்தான் திரைக்கு வந்தது.

தெலுங்கின் முதல் பேசும் படமான ‘பக்த பிரகலாதா’ இதற்குத் தக்க ஒப்பீடு. அது 1931 செப்டம்பர் 15இல் வெளியானதாக நெடுங்காலம் கொண்டாடப்பட்டது. அப்படம் 1932 சனவரி 22இல் தணிக்கைச் சான்று பெற்று, பிப்ரவரி 6இல் பம்பாயில் வெளியானதை இதழாளர் ரெண்டால ஜெயதேவா ஆவணங்களின்வழி நிறுவினார். விலக்கப்பட்ட நாள் செவ்வாய்க்கிழமை. நிறுவப்பட்ட நாள் சனிக்கிழமை. கிழமை தனித்து நின்று எதையும் மெய்ப்பிக்காது. எனினும் ‘சுதேசமித்திரன்’ 1931 அக்டோபர் 29 அன்றே இப்படத்தைப் பற்றி எழுதியிருப்பதோடு சேர்த்து நோக்கும்போது, அக்டோபர் 31 வலுப்பெறுகிறது. தீபாவளிக் கூற்றே விலக்கத்தக்கது.

இக்கூற்று தோன்றியதற்குப் பிற்கால வழக்கம் காரணமாகலாம். ‘ஹரிதாஸ்’ (1944), ‘பராசக்தி’ (1952) போன்ற பெரும் வெற்றிப் படங்கள் தீபாவளி வெளியீடுகள். அவ்வழக்கத்தின் தொடக்கத்தை முதற்படத்தின்மேல் ஏற்றிக் காணும் போக்கு இயல்பானதே.

‘முதல்’ என்னும் அடை

‘காளிதாஸ்’ முழுமையாகத் தமிழில் அமைந்த படமன்று. கதைத்தலைவி தமிழிலும் கதைத்தலைவன் தெலுங்கிலும் பேசினர். முழுவதும் தமிழில் அமைந்த முதற்படமாக 1932இல் வெளியான ‘ஹரிச்சந்திரா’ குறிக்கப்படுகிறது. எனவே 2031இல் நினைவுகூரப்படுவது தமிழ் ஒலித்த முதல் பேசும் படத்தின் நூற்றாண்டு என வரையறுப்பதே பொருந்தும். பன்மொழிப் படைப்பாக அதனை ஏற்பது அதன் சிறப்பைக் குறைக்காது. அன்றைய சென்னை மாகாணத்தின் பார்வையாளர் சூழலை அது தெளிவாக்கும்.

முடிவுரை

‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31, சனிக்கிழமை வெளியானது என்பதே ஏற்கத்தக்கது. அது தீபாவளி நாளன்று. படச்சுருள் அழிந்த நிலையில் அப்படத்துக்கு எஞ்சியிருப்பவை அதைப் பற்றிய செய்திகளே. அவற்றிலும் பிழை புகுமாயின் நினைவுகூர்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. நூற்றாண்டுக்கு முன்னரே 1931, 1932ஆம் ஆண்டு நாளிதழ் விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள், தணிக்கைப் பதிவுகள் ஆகியவற்றைத் தொகுத்து மின்னாக்கம் செய்வது தமிழ் ஆய்வுலகின் உடனடிக் கடமையாகும்.