வலையமைப்புக் கண்காணிப்புத் தொழில்நுட்பர்

ரவுட்டர், சுவிட்ச், சர்வர் ஆகியவை ஒழுங்காக இயங்குகின்றனவா என்று ஷிப்ட் முறையில் இரவு பகலாகக் கவனிப்பவர். 1983இல் மைக் மியூஸ் எழுதிய 'பிங்' இன்றும் இவர் முதலில் அடித்துப் பார்க்கும் கட்டளை. திரையில் சிவப்பு விழுந்தால் டிக்கெட் (பழுதுப் பதிவு) போடுவதுதானே வேலை என்பது மேலோட்டமான பேச்சு. ஒரு சுவிட்ச் படுத்துவிட்டால் அதன் பின்னாலிருக்கும் கருவிகள் அத்தனையும் சேர்ந்து அலறும், அந்தக் கூச்சலில் மூலக் காரணத்தைப் பிரித்தறிவதே இத்தொழிலின் சாரம். அதையும் மென்பொருளே செய்துவிடும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்புக் கட்டளை ஒன்று பேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தபோது, அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கை மென்பொருளிலேயே பிழை இருந்தது. பழுதைக் கண்டறியும் உள்கருவிகளும் முடங்கின. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. சேவை திரும்ப ஏறக்குறைய 6 மணி நேரம் ஆனது.