முத்துப் பாரும் இரத்தச் சோதனையும்

தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்பவர் கண்ணுக்கு நீர்ப்பரப்பு மட்டுமே தெரியும். அடியிலுள்ள பாரில் சிப்பிகள் முதிர்ந்தனவா, முத்து உண்டா என்பதை அலைகள் சொல்வதில்லை. ஆதலால், முத்துக்குளிப்பை அறிவிக்குமுன் அரசினர் மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிட்டுப் பார்த்து வந்தனர். இவ்வாறு இங்கு நடந்த கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டினது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் பிரேமிங்காம் ஊரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அவ்வூரார் 5,209 பேரை ஆய்வில் சேர்த்து, 1948 முதல் கண்காணித்த மருத்துவர்கள், இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தோருக்கு இதய நோயும் மிகுதியாக வருவதைக் கண்டனர்.

நேயர்களே, கொலஸ்டிரால் நம் பகைப்பொருள் அன்று. உயிரணுக்களுக்கும் பித்தநீருக்கும் அது வேண்டும். அதன் பெரும்பகுதியை நம் உடலே ஆக்கிக்கொள்கிறது. அளவு மிகும்போது அது இதயக் குழாய்களின் உட்சுவரில் படிந்து, குருதி செல்லும் வழியைக் குறுக்குகிறது. அப்பொழுதும் வலி இராது, காய்ச்சல் இராது. முத்துப் பாரைப் போலவே இரத்தத்தையும் மாதிரி எடுத்தே அறிதல் வேண்டும். சில குடும்பங்களில் இக்குறை பிறப்பிலேயே வருவதால், பெற்றோருக்கு இளவயதில் மாரடைப்பு வந்திருப்பின் பிள்ளைகளும் சோதித்துக்கொள்வது நன்று.

அறிந்தபின் என் செய்வது? எண்ணெயில் பொரித்த பரோட்டாவைக் குறைக்கலாம். நம் கடல் தரும் சாளை மீனைப் பொரிக்காமல் குழம்பாக்கலாம். பயறும் கீரையும் உண்டு, நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து, புகையிலையை அறவே விடலாம்.

இவை போதாதவர்க்கு மருந்து உண்டு. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஆராய்ந்து, கொலஸ்டிரால் உருவாவதைத் தடுக்கும் பொருளை 1973இல் கண்டார். அவ்வழியில் பிறந்த ஸ்டாட்டின் மாத்திரை 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதய நோயாளர் 4,444 பேரிடம் நடந்து, 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு, அவ்வகை மருந்து உயிர் காப்பதை மெய்ப்பித்தது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்புடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோர்க்குக் கொடுக்கும் முதல் மாத்திரைகளுள் ஸ்டாட்டினும் ஒன்று. ஆனால் அந்நாள் வரும்வரை காத்திருப்பானேன்?

சோதனையில் எண் குறைந்ததும், நோய் தீர்ந்ததென்று மாத்திரையைத் தாமே நிறுத்துவோரை நான் கண்டிருக்கிறேன். நிறுத்தினால் அளவு மீண்டும் ஏறிவிடும். கடலில் மூழ்கியவர் மூச்சை அடக்குவார். மேலே தோணியில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். இரண்டில் ஒன்று தவறினாலும் உயிருக்கு இடர்தான். மாணவர்களே, நல்ல பழக்கம் நம் மூச்சு. மருத்துவர் அறிவுரை நம் கயிறு. இதனை இன்றே உங்கள் இல்லத்துப் பெரியோர்க்கு எடுத்துரையுங்கள்.