சிறுநீரக நோயும் சிறுவர் நலமும்



கரிசற் காட்டின் நடுவே அமைந்த பழைய ஜமீன் ஊர் இளையரசனேந்தல். வானத்தை நம்பி வாழும் மண் அது. கோடையில் அங்கு நீர் அருமை. அவ்வட்டாரப் பள்ளி ஒன்றில் யான் ஆசிரியனாக இருந்த நாளில், காலைதோறும் இமை வீங்கி வரும் சிறுவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். பாடத்தின் நடுவே வெளியே செல்ல அவன் அடிக்கடி இசைவு கேட்பான். "மணி அடிக்கட்டும்" என்று மறுத்துவிடுவேன். அவனுக்குச் சிறுநீரக நோய் இருந்ததையும், அதனோடு கிருமித் தொற்றும் சேர்ந்திருந்ததையும் அவன் காய்ச்சலில் வீழ்ந்த பின்னரே அறிந்தேன். யான் அறியாதிருந்த அவ்வுண்மையை உலகம் எவ்வாறு அறிந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட்டு, உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்திச் சுடரிற் காய்ச்சினார். அது முட்டையின் வெண்கருபோல் திரண்டது. இரத்தத்தில் தங்கவேண்டிய புரதம், பழுதுற்ற சிறுநீரகத்தின் வழியே ஒழுகுகிறது என்பதற்கு அதுவே சான்று. 1827-இல் தம் ஆய்வை அவர் நூலாக வெளியிட்டார்.

கிருமியைக் கண்டவர் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக். குழந்தைகளின் குடலில் வாழும் நுண்ணுயிர் ஒன்றை 1885-இல் விளக்கினார். அதுவே சிறுநீர்ப்பையிற் புகுந்து நோய் விளைக்கும் என்பதை 1894-இல் எடுத்துரைத்தார். அக்கிருமி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவ்விரு நோய்களும் ஏன் கைகோத்து வருகின்றன? கிருமியை எதிர்க்கும் காப்புப் பொருள்களும் புரதங்களே. புரதம் ஒழுகும்போது அவையும் வெளியேறுகின்றன. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தோ, உடலின் எதிர்ப்பாற்றலையும் தணிக்கிறது. காவலர் குறைந்த கோட்டையிற் பகைவன் நுழைவது எளிதன்றோ? நுழைந்த தொற்று, அடங்கிய பழைய நோயை மீண்டும் எழுப்பவும் கூடும். சில குழந்தைகளுக்குச் சிறுநீர் பையிலிருந்து மேல்நோக்கித் திரும்பிச் செல்லும். அதனாற் சிறுநீரகத்தில் வடு உண்டாகலாம் என்பதை ஹாட்சன், எட்வர்ட்ஸ் என்போர் 1960-இல் காட்டினர்.

முன்னாளில் இத்தகைய குழந்தைகள் பலரைத் தொற்றே மாய்த்தது. 1935-இல் டோமாக் அறிவித்த சல்பா மருந்தும், 1940-களில் வந்த பெனிசிலினும் அந்நிலையை மாற்றின. நம் நாட்டில் வெற்றி கண்ட முதற் சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது. ஆயினும், தொற்றை உரிய காலத்திற் கண்டறிந்து சிறுநீரகத்தைக் காப்பது அதனினும் எளிது.

சிறு குழந்தை எரிச்சலை எடுத்துரைக்காது. காய்ச்சலும் வாந்தியும் உணவு மறுத்தலுமே அதன் மொழி. சிறுநீரைச் சோதித்துக் கிருமியை அறிந்த பின் உரிய மருந்தை மருத்துவர் தேர்வார். சிறுநீரை அடக்குதல் தீது. நலமுள்ளோர் நிறைய நீர் பருகலாம். வீக்கமுள்ளோர் மருத்துவர் விதித்த அளவே பருகுதல் வேண்டும்.

அச்சிறுவன் நலம் பெற்றுப் பள்ளிக்கு மீண்டான். அன்று முதல் என் வகுப்பில் எழுந்து நின்று இசைவு கேட்ட எந்தப் பிள்ளைக்கும் யான் மறுப்புச் சொன்னதில்லை.