வாசலில் நின்றவர்கள்

"அடுத்த கிழமையும் வேலை இருக்குமா?" அகதிகளாய் வந்து சமையலறைகளிலும் களஞ்சியங்களிலும் நிற்கும் எங்களுக்கு இது பழகிப்போன கேள்வி. கிறிஸ்மஸ் முடிய வேலையும் முடிந்துவிடும். முறிந்து வேலைசெய்தால் நிரந்தரமாக்குவார்கள் என்கிறார்கள். இலண்டன் துறைமுகத்தின் வரலாறு இதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்துறைமுகக் களஞ்சியங்களின் வேலை பருவத்தோடு வந்து பருவத்தோடு போனது. கம்பளியும் சீனியும் தேயிலையும் ஏற்றிய கப்பல்கள் வந்தால் ஆள் வேண்டும், வராவிட்டால் வேண்டாம். வாசலில் முண்டியடிக்கும் கூட்டத்திலிருந்து மேற்பார்வையாளர் ஆட்களைப் பொறுக்கினார். இலங்கையில் மலையகத் தமிழர் கொய்த தேயிலையை இங்கே இறக்கியவர்களும் நாட்கூலிகளே.

1889 ஆகஸ்டில் பென் ரில்லெற் முதலானோர் தலைமையில் வேலைநிறுத்தம் வெடித்தது. மணித்தியாலத்துக்கு 6 பென்ஸ், அழைத்தால் குறைந்தது 4 மணித்தியால வேலை என்பன கோரிக்கைகள். அவுஸ்திரேலியத் தொழிலாளரும் மக்களும் பணம் அனுப்பினர். செப்ரெம்பரில் வெற்றி கிட்டியது.

அதன்பின் நிர்வாகம் தொழிலாளரை அடுக்கடுக்காகப் பிரித்தது. நிரந்தரமானோர், கிழமைக்கூலி பெறும் 'ஏ' பட்டியல், இலக்கமிட்ட சீட்டுடைய 'பி' பட்டியல், எஞ்சியோர் 'சி'. 'பி'க்காரர் இலக்க ஒழுங்கில் அழைக்கப்பட்டனர். மேலே இடம் வெறித்தால் ஏறினர். ஒழுங்காக வந்தவனுக்கு இது ஓர் ஏணிதான். ஆனால் மேலே உள்ளவர்களுக்கு வேலை உறுதியாக உறுதியாக, 'சி'க்காரருக்கு மிஞ்சியது குறைந்தது.

எல்லோருக்குமான பாதுகாப்பு சட்டத்தால்தான் வந்தது. 1947 இன் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் பதிவுபெற்றவர்களுக்கு, வேலையில்லாத நாளிலும் சமுகமளித்தால் ஒரு தொகை கொடுத்தது. 1967 செப்ரெம்பரில் பதிவுபெற்ற ஒவ்வொருவரும் ஒரு முதலாளியிடம் நிரந்தரமாக்கப்பட்டனர். வேலைநிறுத்தத்திலிருந்து 78 ஆண்டுகள்! அதற்குள் கொள்கலன் கப்பல்கள் வந்துவிட்டன. சென் கதரீன் துறை 1968 இலும், வெஸ்ற் இந்தியா துறை 1980 இலும், றோயல் துறைகள் 1981 இலும் மூடப்பட்டன. 1989 இல் தட்சர் அரசு அத்திட்டத்தையே ஒழித்தது.

எங்கள் பெயரும் ஒருநாள் பட்டியலில் ஏறலாம். அது முதலாளியின் முகத்தைப் பார்த்தா, எழுதிய விதியின்படியா என்பதே கேள்வி. எத்தனை மாதத்தில் நிரந்தரம் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதித் தரும்படி நாங்கள் கேட்க வேண்டும். எங்களுக்குப் பின்னால் வாசலில் நிற்பவனையும் சேர்த்து.