சிமிழும் மூடியும்

சுங்கை வேயிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கோலாலம்பூர் நோக்கிச் செல்வோர்க்கு மலாயாப் பல்கலைக்கழகம் நெடுந்தொலைவன்று. அங்கு 1974இல் நிறுவப்பெற்ற ஆசியக் கலை அரும்பொருளகம் பழைய மண்கலங்களுக்கும் பீங்கான்களுக்கும் பெயர் பெற்றது. பழம் பீங்கான் கலங்களில் தமிழ் பயில்வோர் உள்ளத்தை முதலில் கவரத் தக்கவை, ஒப்பனை மேசைக்குரிய சிறு மூடிக் கலங்களாம்.

இவ்வகைக் கலத்தை நம் முன்னோர் செப்பு என்றும் சிமிழ் என்றும் வழங்கினர். மூட்டு வாய் நன்கு பொருந்திய செப்பிலே மலர் இட்டு வைத்த செய்தி குறுந்தொகையின் ஒன்பதாம் பாட்டில் வருகிறது. மலாய் மொழியிலும் மூடியுள்ள சிறு கலத்திற்குச் 'செப்பு' என்றே பெயர். ஒலியும் பொருளும் இவ்வாறு ஒன்றுபடுவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் வாழ்ந்த பாபா, நியோஞா குடும்பத்தார் இதனினும் சிறிது பெரிய மூடிக் கலத்தைச் 'சுப்பு' என்றனர். அதில் விருந்துணவும் இடுவர். ஒப்பனைப் பொருளும் வைப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனத்துச் சிங்தெச்சன் சூளைகள் இவர்களுக்கெனவே இக்கலங்களைச் செய்து அனுப்பின. இளஞ்சிவப்பும் பச்சையும் பளிச்சிட, பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் அவற்றில் தீட்டப்பட்டிருக்கும். இவை நெடுங்காலம் அடுக்களைப் பொருள் என்றே எண்ணப்பட்டன. 1981இல் தென்கிழக்காசியப் பீங்கான் கழகத்தின் மேற்கு மலேசியக் கிளை இவற்றைப் பற்றித் தனி நூல் ஒன்று வெளியிட்டது.

இவற்றைத் திரட்டுவோர் சில அறிதல் வேண்டும். மெருகிட்டுச் சுட்ட கலத்தின் மேல் வண்ணம் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுவது இத்தொழிலின் முறை. வண்ணம் மெருகின் மேலே நிற்பதால், அழுந்தத் தேய்த்தால் அழிந்துபோம். அடியிலுள்ள அரசர் முத்திரையை நம்பிக் காலத்தை முடிவு செய்தலும் கூடாது. பழைய முத்திரையைப் பிற்காலத்தார் இடுவது சீனத்தில் வழக்கமே. எல்லாவற்றினும் முதலாகப் பார்க்கவேண்டியது மூடியை. உடைந்த மூடிக்கு ஈடாக வேறொன்றைப் பொருத்தி விற்பாருண்டு. மூடியும் கலமும் நிறத்தால் ஒத்து, விளிம்பும் இசைந்தாலன்றி அவை ஒரு பிறப்பின என்று கொள்ளலாகாது.

கலத்திற்கு மற்றொரு மூடியும் உண்டு. அதுவே அதன் வரலாறு. 1817ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், காண்டனிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த 'டயானா' என்னும் கப்பல் மலாக்காவின் அருகே மூழ்கியது. அதில் இருந்த 20,000க்கு மேற்பட்ட பீங்கான்கள் 1993–94இல் மீட்கப்பட்டு, 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. கப்பல் மூழ்கிய நாள் தெரிந்ததனால் அவற்றின் காலமும் ஐயமின்றித் தெரிகிறது. சென்னை இல்லங்களுக்கு வந்திருக்கவேண்டியவை எவை என்பதும் இன்று நமக்குப் புலனாகிறது. அதுபோன்ற கலமே வரவு தெரியாமல் கடைக்கு வருமாயின், அழகன்றிப் பிறிதொன்றும் சொல்லாது.

எனவே பாட்டியின் மேசையிலிருந்த சிமிழைப் பெறுவோர், அது எவ்வூரினது, யார் தந்தது, எதை இட்டு வைத்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி அதனுள்ளேயே இடுதல் நன்று. மூடி உடைந்தாலும் கலம் எஞ்சும். இச்செய்தி போயினாலோ மீட்பார் இல்லை.