கோவாப் பொடியின் சொந்த ஊர்

நம் குடும்பக் குழுவில் படர்தாமரைக்கு ஆளுக்கொரு மருந்து சொல்வதைப் பார்த்தேன். வரலாற்று வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா?

19ஆம் நூற்றாண்டில் கோவா, பம்பாய் பக்கம் படர்தாமரைக்கு ஒரு மஞ்சள் பொடி விற்றது. பெயர் கோவாப் பொடி. எலுமிச்சைச் சாற்றிலோ காடியிலோ குழைத்துப் பூசுவார்கள். குணம் தெரிந்தது, எந்தச் செடி என்றுதான் தெரியவில்லை. 1864இல் பம்பாய் மருந்தாளர் கெம்ப் இதைப் பற்றி எழுதியபோதும் முடிச்சு அவிழவில்லை.

1870களின் நடுவில் பிரேசிலின் பாகியா நகர மருத்துவர் சில்வா லீமா விடை சொன்னார்: இது எங்கள் காட்டு மரமான அரரோபாவின் பொடி! உலகப் படத்தை எடுத்து பாகியாவிலிருந்து கோவாவுக்கு விரலால் ஒரு கோடு போடுங்கள். போர்ச்சுக்கீசியர் கப்பல் போன தடம் அது. சரக்கு இறங்கிய ஊரின் பெயர் நிலைத்தது, விளைந்த ஊர் மறைந்தது.

அரரோபாவின் அடிமரப் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் இந்தப் பொடி சேரும். மரத்தை வெட்டிப் பிளந்து சுரண்டி எடுக்க வேண்டும். தூசி பட்டு வேலையாட்களின் கண்ணும் முகமும் வீங்கிவிடும். புத்தகங்களில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். எனக்கு மனதில் நிற்பது அந்த வரிதான்.

1878இல் லீபர்மான், சைட்லர் இருவரும் இதன் முக்கியப் பொருள் கிரைசரோபின் என்று காட்டினர். லண்டனில் பால்மானோ ஸ்குவயர் சொரியாசிஸுக்கும் பயன்படுத்தினார். தோல் எரியும், துணியில் கறை போகாது, ஆனாலும் கேட்டது. முதல் உலகப்போரில் ஜெர்மனிக்குச் சரக்கு வராமல் போகவே, 1916இல் அங்கே டித்ரனால் என்ற செயற்கை மருந்து பிறந்தது.

நம் ஊர்ச் சீமை அகத்தியும் (வண்டுகொல்லி என்போமே) அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். 'சீமை' என்ற சொல்லே காட்டிக்கொடுக்கிறது. அதன் இலையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. பிலிப்பைன்ஸ் அரசு அங்கீகரித்த 10 மூலிகைகளில் அதுவும் ஒன்று.

ஒன்று கவனியுங்கள். படர்தாமரைப் பூஞ்சை நூல்நூலாக வளர்வது. குழந்தை நாக்கில் வெள்ளையாகப் படிவது கேண்டிடா என்னும் ஈஸ்ட். ஒன்றுக்குக் கேட்கும் இலை மற்றதற்கும் கேட்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கடையில் நீங்களாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும். யார் வீட்டில் அந்த ட்யூப் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யவும்.