அட்ரசினும் ஈரநிலத் தவளைகளும்: ஒரு களைக்கொல்லியின் வரலாறு

அட்ரசின் என்பது மக்காச்சோளம், சோளம், கரும்பு ஆகிய பயிர்களில் களைகளை அழிக்கப் பயன்படும் வேதிப்பொருள் ஆகும். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் உருவாக்கிய இது 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்குப் பதிவு செய்யப்பட்டது. களைச்செடியின் ஒளிச்சேர்க்கையை இது தடுத்து நிறுத்துகிறது. மக்காச்சோளம் இதைத் தன்னுள்ளேயே சிதைத்துக்கொள்வதால் பயிர் தப்பிவிடும், களை வாடிப்போகும். விலையும் குறைவு. எனவே அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் மிக வேகமாகப் பரவியது.

ஆனால் பாசிகளும் ஒளிச்சேர்க்கை செய்துதான் வாழ்கின்றன. அட்ரசின் மண்ணில் இறுகப் பற்றி நிற்பதில்லை. மழைநீரோடு எளிதில் ஓடிவிடும். அதைத் தெளிப்பது வசந்த கால விதைப்பையொட்டி. வயலோரக் குட்டைகளிலும் சதுப்புகளிலும் தவளைகள் முட்டையிட்டு, தலைப்பிரட்டைகள் வளர்வதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். வயலில் தெளித்த மருந்து மழையோடு அங்கே வந்து சேர்கிறது.

இதனால் நீர்நிலைக்கு என்ன நேர்கிறது என்பதைக் கான்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனைக் குளங்களில் பார்த்தனர். ஒரு லிட்டர் நீருக்கு 20 மைக்ரோகிராம் அளவிலேயே மிதவைப் பாசிகளின் வளர்ச்சி குன்றியதாக 1982இல் வெளியான அவர்களின் கட்டுரை தெரிவித்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிற்கால ஆய்வில், நீர்த்தாவரங்கள் குறைந்த குளங்களில் பூச்சிகளும் மீன்குஞ்சுகளும் குறைந்திருந்தன.

பொதுமக்களின் கவனம் இதன்மேல் திரும்பியது தவளைகளால்தான். அப்போது அட்ரசினைத் தயாரித்துவந்த நொவார்ட்டிஸ் நிறுவனத்தின் சார்பில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) உயிரியலாளர் டைரோன் ஹேஸ் 1997இல் ஆய்வுக்கு அமர்த்தப்பட்டார். 2000இல் அப்பணியிலிருந்து விலகிய அவர், 2002இல் தம் முடிவுகளை வெளியிட்டார். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அட்ரசின் கலந்த நீரில் வளர்ந்த ஆப்பிரிக்க நகத் தவளைகள் சிலவற்றில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் காணப்பட்டன. அமெரிக்கக் குடிநீரில் சட்டம் அனுமதிக்கும் அளவோ 3 மைக்ரோகிராம்! 2010இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் 2.5 மைக்ரோகிராம் நீரில் வளர்ந்த 40 ஆண் தவளைகளில் பத்தில் ஒரு பங்கு பெண்ணாகவே மாறின. அவற்றுள் சில முட்டையும் இட்டன.

நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வுகளில் இத்தகைய விளைவு தென்படவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 2007இல் தவளைகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியை அட்ரசின் பாதிக்கவில்லை என்று முடிவுகட்டியது. அம்முடிவு பெரிதும் நிறுவன நிதியில் நடந்த ஆய்வுகளையே சார்ந்திருந்தது என்பதை மறந்துவிட்டு இச்சர்ச்சையைப் படிக்க முடியாது.

உறுப்புச் சர்ச்சையைவிட ஈரநிலத்தைப் புரிந்துகொள்ள உதவுவது ஜேசன் ரோர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வே எனலாம். சிறுத்தைத் தவளைகளின் உடலில் தட்டைப்புழுக்கள் பெருகக் காரணம் எதுவாக இருக்கலாம் என்று அவர்கள் 240க்கும் மேற்பட்ட காரணிகளை ஒப்பிட்டனர். முதலிடம் பிடித்தது அட்ரசின். அதுவும் பாஸ்பேட் உரமும் சேர்ந்து, புழு எண்ணிக்கையில் கண்ட வேறுபாட்டில் 74 விழுக்காட்டை விளக்கின. களைக்கொல்லி மிதவைப் பாசியைக் கொல்வதால் நீர் தெளிகிறது. வெளிச்சம் அடிவரை இறங்குகிறது. அங்கே ஒட்டி வளரும் பாசி செழிக்கிறது. அதைத் தின்னும் நத்தைகள் பெருகுகின்றன. தட்டைப்புழுவின் இளம்பருவத்துக்கு நத்தைதான் வீடு. தவளையின் நோயெதிர்ப்பு ஆற்றலும் அதே மருந்தால் குறைகிறது. தெளிந்த குளத்தைக் கண்டு நல்ல குளம் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார்.

ஐரோப்பிய ஒன்றியம் தவளைகளுக்காகக் காத்திருக்கவில்லை. நிலத்தடி நீரில் அட்ரசின் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் காணப்பட்டதால் 2004இல் அதன் அனுமதியை விலக்கிக்கொண்டது. அமெரிக்காவில் குடிநீர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. நொவார்ட்டிசின் வேளாண் பிரிவிலிருந்து பிறந்த சின்ஜென்டா, தன்மேல் தவறில்லை என்று கூறியபடியே 2012இல் 10.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர் வழங்கல் அமைப்புகள் அதில் பங்கு பெறத் தகுதி உடையவையாயின.

அமெரிக்காவில் அட்ரசின் பயன்பாடு இன்றும் தொடர்கிறது. நீர்நிலைகளில் எவ்வளவு இருந்தால் கவலைக்குரியது என்ற அளவை 2016இல் 3.4 என மதிப்பிட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2020இல் 15 என உயர்த்தியது. 2022இல் மீண்டும் 3.4 எனப் பரிந்துரைத்து, 2024இல் 9.7இல் வந்து நின்றது. இந்த எண்கள் எல்லாம் நீர்த்தாவரங்களின் பாதிப்பை வைத்துக் கணக்கிட்டவை. தவளைகளை வைத்து அல்ல.